கூடுதல் வைக்காத மொய்

பேராவூரணி
4.8.2024

அன்புள்ள தம்பி ஜெகதீசனுக்கு,

அக்கா பவுன் எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் சுப்ரஜாவும் நலம். நீயும் கிரிஜாவும் உங்கள் பிள்ளை தருணும் நலமா என்று ஒரு வரியில் கேட்டுவிட்டு நகர முடியவில்லை. இந்தக் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான்.

நான் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. தபால் ஆபீசில் இன்லண்ட் லெட்டர் கேட்டால் அங்கிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என்ன செய்வது? நீ ஊருக்கு வந்து போன மறுநாளிலிருந்து உன் போன் அணைந்து கிடக்கிறது. கிரிஜாவின் போனும் அப்படித்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை பூனாவிலிருந்து திடுதிப்பென்று வந்து நின்றாய். தோளில் ஒரு பை. ஆடி மாதம், ஊரில் நாலு இடத்தில் மொய் விருந்து. நாலிலும் போய் உட்கார்ந்து மொய் எழுதினாய். விருந்து வைக்காதவர்கள் வீட்டையும் தேடிப் போய்ப் பணத்தைக் கொடுத்தாய். கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்து, உன் மச்சான் கையில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்தைக் கொடுத்தாய். உலை வைத்திருக்கிறேன் என்று நான் சொல்லச் சொல்ல, "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா" என்று கிளம்பிவிட்டாய். ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? "பூனாக்காரனுக்கு லாட்டரி அடிச்சிருக்கு. அந்தப் பக்கமெல்லாம் லாட்டரி உண்டாம்ல" என்கிறது ஒரு கூட்டம். அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கப் போகிறாய் என்கிறது இன்னொரு கூட்டம். மேரி டீச்சர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பவுனு, கையில காசு உள்ளவன் முகமா அது?" என்று கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. 2019-இல் நீ மெஷின் வாங்க விருந்து வைத்தாய், ஊர் எழுதியது. வட்டியும் இல்லை, பத்திரமும் இல்லை. எழுதியவர்களுக்குத் திருப்பிச் செய்யும்போது வாங்கியதோடு மேலே கொஞ்சம் கூடுதலாக வைக்க வேண்டும். அந்தக் கூடுதலை அவர்கள் அடுத்த முறை உனக்குச் செய்வார்கள், அவர்களும் மேலே வைப்பார்கள். அப்படித்தான் கணக்கு முடியாமல் உறவு ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கியதை மட்டும் சரியாக எண்ணி வைத்தால் "இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை" என்று பொருள். வரப்புத் தகராறில் வெட்டிக்கொள்கிறவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்.

ஊரில் எல்லோரையும் விசாரித்துவிட்டேன். ஒவ்வொருவருக்கும் மேலே ஐநூறோ ஆயிரமோ வைத்திருக்கிறாய். எங்களுக்கு மட்டும் வைக்கவில்லை. உன் மச்சான் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, "முடிச்சுக்கிட்டான் உன் தம்பி" என்று சொல்லிப் பீரோவைப் பூட்டினார். அன்றிலிருந்து உன் பேரை எடுக்கவில்லை.

மறந்துவிட்டாயா, தெரிந்தே செய்தாயா? மறந்திருந்தால் ஒரு வரி எழுது, நான் அவரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் அக்கா
பவுன்


கசார்வாடி, புணே
16.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தருண்தான் முதலில் பிரித்தான். எழுத்துக் கூட்டி நாலு வரி படித்துவிட்டு, "அத்தை கோவமா இருக்கா, பப்பா?" என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இவ்ளோ கேள்விக்குறி இருக்கே" என்றான். பூனாவில் பிறந்த பிள்ளைக்குத் தமிழ் அவ்வளவுதான் வரும், ஆனால் உன்னைச் சரியாகப் படித்துவிட்டான்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. நாசிக் பாட்டா பாலத்தடியில் தண்ணீர் நின்று பஸ்ஸெல்லாம் சுற்றிப் போகின்றன. கிரிஜாவுக்கு மழை என்றால் வரும் முழங்கால் வலி வந்திருக்கிறது. தருண் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம் போய்விட்டான்.

போன் தண்ணீரில் விழுந்து கெட்டுவிட்டது. ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன். கொஞ்ச நாள் ஆகும்.

பணத்தைப் பற்றி வேறெதுவும் யோசிக்காதே. வாங்கியதைக் கொடுத்தேன், அவ்வளவுதான். சுப்ரஜாவின் நர்சிங் படிப்புக்கு வைத்துக்கொள். ஒரு விஷயம் மட்டும் கவனமாக இரு. தெரியாத நம்பரிலிருந்து யாராவது கூப்பிட்டால் எடுக்காதே. எடுத்துவிட்டால் இந்தி தெரியாது என்று சொல்லி வைத்துவிடு.

மச்சானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி
ஜெகதீசன்


பேராவூரணி
27.8.2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் போன் தண்ணீரில் விழுந்தது சரி. கிரிஜாவின் போனும் கூடவே குதித்ததா?

கடிதத்தில் மழை இருக்கிறது, பாலம் இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் இல்லை. பரவாயில்லை, எனக்கு வேறு இடத்தில் கொஞ்சம் பதில் கிடைத்துவிட்டது.

தெரியாத நம்பர் வந்தால் எடுக்காதே என்று எழுதினாயே, அப்படிச் சொன்னால் நான் எடுக்காமல் இருப்பேனா? வியாழக்கிழமை மூன்று மணிக்கு வந்தது. நீ சொன்ன மாதிரி இந்தி இல்லை, நல்ல தமிழ். சோனியா என்று பெயர் சொன்னாள். "ஜெகதீசன் சாரோட ரெஃபரன்ஸ் நீங்கதானே மேடம்?" என்றாள். நான் அவன் அக்கா என்றேன். அவள் கடகடவென்று மனப்பாடமாக எதையோ சொல்ல ஆரம்பித்தாள். குரலில் ஒரு சோர்வு இருந்தது. "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். "இன்னும் இல்லக்கா" என்றாள். மேடம் போய் அக்கா வந்துவிட்டது.

அப்புறம் கேட்டதற்கெல்லாம் சொன்னாள். மூன்று மாதமாக நீ தவணை கட்டவில்லையாம். அவர்களிடமே இரண்டு கடனாம். தொகையைச் சொல்லக்கூடாது என்று சட்டமாம், அதனால் "உங்க தம்பி பாவம்கா" என்று மட்டும் சொன்னாள். உன்னிடம் ஒரு மாதமாகக் கிடைக்காத சேதி, முன்பின் தெரியாத பெண்ணிடம் கால் மணி நேரத்தில் கிடைத்தது.

இப்போது என் மண்டையைக் குடைவது இதுதான். மாதத் தவணை கட்டப் பணம் இல்லாதவன், ஊர் முழுக்க மொய்யைத் திருப்பிக் கொடுக்கப் பணத்தோடு எப்படி வந்தான்? கடன்காரனுக்குக் கொடுக்காமல், கேட்காதவனுக்கு ஏன் கொடுத்தான்? உன் மச்சானிடம் கேட்டால், "நமக்கென்ன, நம்மளுதான் வந்துருச்சே" என்கிறார். அவருக்கு வந்தது பணம், போனது யார் என்று எனக்கல்லவா தெரிய வேண்டும்?

உண்மையை எழுது. பட்டறை ஓடுகிறதா?

அக்கா
பவுன்


கசார்வாடி
12.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தெருவில் கணபதி மேளம் அடித்துக்கொண்டிருக்கிறது. இந்தச் சத்தத்தில் யாரும் யாருடனும் பேச முடியாது. எழுதத்தான் முடியும். கிரிஜாவும், "உங்க அக்காகிட்டக்கூட மறைச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

பட்டறை ஓடவில்லை. ரஞ்சன்காவில் ஒரு கம்பெனிக்கு பம்ப் உதிரி பாகங்கள் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன் அல்லவா, அவர்கள் போன வருஷம் மாடலை மாற்றினார்கள். என் மெஷினில் அந்தப் புது பாகம் வராது. ஆர்டர் நின்றது. வேறு ஆர்டர் வரும் வரும் என்று ஒரு தவணையைக் கட்ட இன்னொரு கடன் வாங்கினேன். அதைக் கட்ட இன்னொன்று. எல்லாம் சேர்ந்து நாற்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது. போனை எடுத்தாலே வசூல்காரர்கள். என் போனில் இருந்த எல்லா நம்பருக்கும் கூப்பிடுகிறார்கள். அதனால் இரண்டு சிம்மையும் கழற்றிவிட்டேன். தண்ணீர்க் கதை பொய்.

திங்கட்கிழமை சிவாஜிநகர் கோர்ட்டில் மனு கொடுத்துவிட்டேன். ஊரில் ஐ.பி. கொடுத்தான், மஞ்சக் கடுதாசி கொடுத்தான் என்று சொல்வோமே, அதுதான். இனி என்னிடம் இருப்பதையெல்லாம் கோர்ட்டே எடுத்துக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். கடைசியில், இவனால் இதற்கு மேல் முடியாது என்று என்னை விடுவிக்கும்.

அதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அடமானத்தில் இல்லாத மெஷின் இரண்டு இருந்தது. ஜூலையில் அவற்றை விற்றுப் பதினாறு லட்சம் வந்தது. பேங்குக்காரன் வட்டி போட்டவன், நாற்பது இடத்தில் கையெழுத்து வாங்கியவன். அவனுக்கு கோர்ட் இருக்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு என்ன இருக்கிறது? என் வீட்டு விருந்தைச் சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டு வந்து எழுதினார்கள். அவர்களுக்குக் கொடுக்காமல் ஐ.பி. கொடுத்தால் ஊர்ப் பக்கம் எந்த முகத்தோடு வருவேன்? அதனால் முதலில் மொய், பிறகு மனு. பட்டறையை இழந்த வருத்தத்திலும் அன்று பஸ்ஸில் ஏறியபோது மனது நிம்மதியாகத்தான் இருந்தது.

இது என் வக்கீலுக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லாதே.

ஜெகதீசன்


பேராவூரணி
25.9.2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்து முதலில் அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. அப்புறம் கேள்விகள் வந்தன. வரிசையாகக் கேட்கிறேன், பொறுமையாகப் பதில் எழுது. வீட்டுப் பாத்திரங்களையும் எடுத்துக்கொள்வார்களா? தருண் படிப்புக்கு யார் கட்டுவது? கோர்ட் விடுவித்தால் நீ மறுபடி பட்டறை வைக்கலாமா? உன் பேர் பேப்பரில் வருமா? இங்கே பேப்பரில் வராமல் பார்த்துக்கொள்ள முடியுமா?

சும்மா கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. மேலத் தோப்பு என்ன விலை போகும் என்று தரகரிடம் விசாரித்தேன். அது அப்பா என் பேருக்குக் கொடுத்தது. விற்றால் உன் கடனில் பாதியையாவது அடைக்கலாம், ஐ.பி.யை வாபஸ் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

உன் மச்சானிடம் சொன்னதுதான் தாமதம், வானுக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "மொய்யை எண்ணி வச்சு முறிச்சுட்டுப் போனவனுக்குத் தோப்பா? அவன் உறவு வேணாம்னு சொல்லிட்டான். நீ போயி அவன் காலைப் பிடிப்பியா?" என்றார். நீ மறந்துவிட்டாய் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் மற்ற எல்லோருக்கும் வைத்தவன், கூடப் பிறந்தவளுக்கு மட்டும் எப்படி மறப்பான்? உன்னிடம் இரண்டு கடிதத்தில் கேட்டுவிட்டேன். கோர்ட்டைப் பற்றி எழுதுகிறாய், கணபதியைப் பற்றி எழுதுகிறாய், இதை மட்டும் தாண்டிப் போகிறாய்.

தரகரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேறு வழியில்லை.

பவுன்


கசார்வாடி
20.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை மாதம் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். நல்ல சேதி ஏதாவது வந்தால் எழுதலாம் என்று காத்திருந்தேன். வந்திருப்பது அதுவல்ல.

என் வக்கீல் அம்ருதா என்ற மராத்திப் பெண். சின்ன வயசு, நல்ல பெண், பாதி ஃபீஸ்தான் கொடுத்திருக்கிறேன். போன மாதம் என் பேங்க் கணக்கை வரி வரியாகப் பார்த்தாள். மனுவுக்கு ஆறு வாரம் முன்னால் பதினாறு லட்சம் ரொக்கமாக எடுத்தது எதற்கு என்று கேட்டாள். அதை இதைச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் மொய் என்றேன்.

"யே மொய் க்யா ஹோதா ஹை, காகா?"

காகா என்றால் சித்தப்பா. மொய் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவளுக்குச் சுவாரசியம் தாங்கவில்லை. டீ வரவழைத்தாள். சாப்பாடு என்ன போடுவீர்கள், யார் எழுதுவார்கள், ஒருவன் திருப்பிக் கொடுக்காவிட்டால் கேஸ் போடுவார்களா என்று கேட்டாள். கேஸ் எல்லாம் இல்லை, பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்றேன். அப்படியானால் அது பரிசா, கடனா என்று கேட்டாள். ரெண்டும் இல்லம்மா என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "காகா, ஜட்ஜ் சாகேப் கிட்ட மூணாவது கட்டம் கிடையாது" என்கிற மாதிரி சொன்னாள்.

அப்புறம்தான் விளக்கினாள். ஐ.பி. கொடுப்பதற்கு முந்தைய மூன்று மாதத்தில் ஒரு கடன்காரனை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் அது செல்லாது. மற்றவர்களை ஏமாற்றியதாகக் கணக்கு. பரிசு என்றால் இரண்டு வருஷம் வரை தோண்டுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் பணம் திரும்பி வர வேண்டும். மறைத்தால் எனக்கு ஜெயில். பரிசு என்று எழுதினால் கொடுத்தவர்களுக்குப் பிறகு ஒரு பைசா கிடையாது. கடன் என்று எழுதினால், பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டு மற்ற கடன்காரர்களோடு வரிசையில் நின்று ஏதோ கொஞ்சம் வாங்கலாம். அதனால் நம் ஊர் மொய்யைக் கடன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், அக்கா. யாருக்கெல்லாம் கொடுத்தேன் என்று பெயர்களும் கொடுத்தேன். கோர்ட் நியமித்த ரிசீவரிடமிருந்து எல்லோருக்கும் நோட்டீஸ் வரும். மானத்தோடு கொடுத்துவிட்டு வந்தேன் என்று நினைத்தேன். இப்போது கொடுத்ததைப் பிடுங்குகிறவனாக நிற்கிறேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். மறக்கவில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

நான் கஷ்டத்தில் இருக்கிறேன் என்று தெரிந்தால் மேலத் தோப்பை விற்பாய். எனக்கு உன்னைத் தெரியும். நான் வேண்டாம் என்று சொன்னால் கேட்க மாட்டாய். உன்னைத் தடுக்கக்கூடிய ஆள் உலகத்தில் மச்சான் ஒருவர்தான், அவரும் உன் அழுகைக்கு முன்னால் நிற்க மாட்டார். அவருக்கு ரோசம் வந்தால்தான் நிற்பார். அதனால் அவர் கையில் சரியாக எண்ணிக் கொடுத்தேன். அவர் எண்ணுவார் என்று தெரியும். நீ சாப்பிடச் சொன்னபோது உட்கார்ந்திருந்தால் என் முகமே காட்டிக் கொடுத்திருக்கும். அதனால்தான் காப்பிகூடக் குடிக்கவில்லை.

தோப்பு தப்பித்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. மச்சானை அவமானப்படுத்தியது மட்டும் நெஞ்சில் நிற்கிறது.

ஜெகதீசன்


பேராவூரணி
23.3.2025

ஜெகதீசனுக்கு,

நோட்டீஸ் வந்துவிட்டது. ஒரே நாளில் ஊரெல்லாம் வந்தது. எல்லாம் இங்கிலீஷில். படிக்கச் சொல்லி ஆளாளுக்கு மேரி டீச்சர் வீட்டு வாசலில் நின்றார்கள். விஷயம் தெரிந்ததும், "தின்ன சோத்தைக் கக்கச் சொல்ற கோர்ட்டும் இருக்கா?" என்று ஒரே சத்தம். உன்னையும் நாலு பேர் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

உன் கடிதத்தை உன் மச்சானிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். தோப்பு விஷயம் வந்த இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனவர் இருட்டிய பிறகுதான் வந்தார். எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது. வீடு வீடாகப் போயிருக்கிறார். "அவன் ஜெயிலுக்குப் போனா நமக்கு மொய் வந்துருமா? முதல்ல நான் கட்டுறேன், பின்னாடி நீங்க கட்டுங்க" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் தவிர எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். அந்த இரண்டு பேரும் வருவார்கள், அவர் விடமாட்டார்.

எங்கள் பணத்தில் ஒரு பகுதியை சுப்ரஜாவின் படிப்புக்குக் கட்டியிருந்தோம். தோப்புக் காயை ஒரு வருஷத்துக்குக் குத்தகைக்கு விட்டு அதைச் சரிக்கட்டி, நேற்று ரிசீவர் பேருக்கு டி.டி. எடுத்து அனுப்பிவிட்டோம்.

அவர் கோபம் தீர்ந்துவிட்டது. என் கோபம் தீரவில்லை. தோப்பு என்னுடையது. விற்பதும் வைப்பதும் என் விருப்பம். அக்கா என்ன செய்வாள் என்று நீயாக முடிவு செய்து, என் புருஷனை எனக்கு எதிராக நிறுத்தி, ஏழு மாதம் என்னைப் பைத்தியக்காரி மாதிரி எண்ணி எண்ணிப் பார்க்க வைத்தாய். என்னிடம் வந்து, "அக்கா, தோப்பை விற்காதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்டிருக்க மாட்டேன்தான். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

பவுன்


கசார்வாடி
18.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

ரஞ்சன்காவில் ஒரு கம்பெனியில் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. நான் விற்ற அதே மாதிரி மெஷின்தான். பக்கத்தில் நிற்கிற பையன்கள், "காகா, உங்க கை நல்லா ஓடுது" என்கிறார்கள். சொந்தமாக வைத்திருந்தேன் என்று இன்னும் சொல்லவில்லை. கிரிஜா பக்கத்து வீட்டு மராத்திக்காரர்களுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறாள். தருண் கல்லூரியில் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டிருக்கிறான். பாத்திரத்தையெல்லாம் எடுக்கவில்லை. நீ கேட்டிருந்தாய், அப்போது பதில் எழுதவில்லை.

ஊரிலிருந்து எல்லாப் பணமும் வந்து சேர்ந்துவிட்டது என்று அம்ருதா சொன்னாள். அவளாலேயே நம்ப முடியவில்லையாம். யார் போய்ப் பேசினார்கள் என்று கேட்டாள். என் மச்சான் என்றேன்.

இனி ஒரே ஒரு வேலை பாக்கி. மச்சான் பேருக்கு ரிசீவரிடமிருந்து ஒரு படிவம் வரும். எவ்வளவு கடன் கொடுத்தீர்கள் என்று நிரப்பி, ஜூன் முப்பதுக்குள் அனுப்ப வேண்டும். நூறு ரூபாய்க்குப் பதினோரு ரூபாய் தேறும் என்கிறாள். சொற்பம்தான். ஆனால் அதை வாங்கிக்கொண்டால் உங்கள் கணக்கும் முறைப்படி தீர்ந்துவிடும். இதையாவது எனக்காகச் செய். உங்களுக்கு ஒன்றுமே கிடைக்காமல் போனால் என்னால் தாங்க முடியாது.

நேரில் வர ஆசை. மச்சான் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

தம்பி
ஜெகதீசன்


பேராவூரணி
14.6.2025

அன்புள்ள தம்பிக்கு,

படிவம் வந்தது. சத்துணவு மையத்தில் இருபது வருஷம் படிவம் நிரப்பியவள் நான். ஆனாலும் கோர்ட் என்னதான் கேட்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை. சுப்ரஜாவை உட்காரவைத்து வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னேன். கடன் கொடுத்தவர் பெயர், கடன் கொடுத்த நாள், என்ன காரணத்துக்காகக் கொடுத்தார், அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டிருந்தார்கள். உன் மச்சான் பக்கத்தில் கையெழுத்துப் போடப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

காரணம் என்ன எழுதட்டும் என்று கேட்டாள் சுப்ரஜா.

"உன் மாமன் மெஷின் வாங்க விருந்து வச்சான். போயிச் சாப்பிட்டுட்டு எழுதினேன்னு போடு" என்றார்.

"அப்படியெல்லாம் போட முடியாதுப்பா. கடன் கொடுத்தேன்னு போடணும்."

"நான் எங்கேத்தா அவனுக்குக் கடன் கொடுத்தேன்? மொய்தானே எழுதினேன்."

நான் குறுக்கே விழுந்து, பதினோரு ரூபாய்க் கணக்கைச் சொன்னேன். "கடன் கொடுத்தவனெல்லாம் வாங்கிட்டுப் போகட்டும். நமக்கு அவன் வந்து செய்வான்" என்றார். எப்போது என்று கேட்டேன். "வர்றப்போ வரட்டும், அவசரமா?" என்று பேனாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அவர் போன பிறகு நான் ஒன்றை யோசித்துப் பார்த்தேன். நீ எங்களுக்குச் சரியாக எண்ணிக் கொடுத்தாயே, அந்தக் கொடுக்கல் செல்லாது என்று கோர்ட்டே எழுதிவிட்டது. அப்படியென்றால் நீ கொடுக்கவே இல்லை. நீ முறித்ததும் முறியவில்லை. நீ இன்னும் எங்களுக்கு மொய் செய்ய வேண்டியவன்தான். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசியிருந்தாலும் இவ்வளவு தெளிவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்வது சட்டப்படி சரிதானா என்று அந்தப் பெண் அம்ருதாவிடம் கேட்டு எழுது. தப்பு என்று அவள் சொன்னால் அதை மட்டும் எழுதாதே.

என் கோபம் முழுக்கத் தீரவில்லை. ஆடியில் வந்து நில், மீதியை நேரில் தீர்த்துக்கொள்கிறேன். கிரிஜாவையும் தருணையும் அழைத்து வா. கையில் எதுவும் கொண்டு வர வேண்டாம், சாப்பிட்டுவிட்டுப் போனால் போதும். உன் மச்சான் ரயில் நேரம் விசாரித்து வைத்திருக்கிறார்.

கோர்ட் நல்ல தாளில் அச்சடித்திருக்கிறது, ஒரு பக்கம் காலி. வீணாக்க மனம் வரவில்லை. இந்தக் கடிதத்தை அதில்தான் எழுதியிருக்கிறேன். திருப்பிப் பார், ஒரு கட்டத்திலும் மை படவில்லை.

உன்னிடமிருந்து மொய் வர வேண்டிய
அக்கா
பவுன்